கறுப்புத் திரையோடு இணைவது எப்படி: மெயின்பிரேம் முனைய மென்பொருளின் இணைப்பு அமைப்புகள்

காலி வீதியில் பம்பலப்பிட்டியில் இறங்கி வெள்ளவத்தைப் பக்கமாக நடந்தால் விமானச் சீட்டு முகவர் நிலையங்களுக்குக் குறைவில்லை. யுத்த காலத்தில் வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த நிலையங்களின் ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், படம் எதுவும் இல்லாத, எழுத்து மட்டுமே ஓடும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு சுருக்கமாக எதையோ தட்டுவார். சற்று நேரத்தில் ஆறு எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறியீட்டைத் துண்டில் எழுதித் தருவார். அந்தத் துண்டு கையில் இருந்தால் விமானத்தில் இடம் உண்டு.

அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த கணினி கொழும்பில் இருக்கவில்லை. முகவர் அமெடியஸ் முறையைப் பாவித்திருந்தால், அவர் தட்டியது ஜேர்மனியின் மியூனிக் நகருக்கு அருகே உள்ள எர்டிங் தரவு மையத்துக்குப் போய்த் திரும்பியிருக்கும்.

இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறார்கள். வங்கி, காப்புறுதி, கப்பல் முகவர் நிறுவனம், வெளிநாட்டுக் கம்பனிகளின் கணக்கு வேலையைச் செய்யும் அலுவலகம் என்று முதல் வேலை எங்கே கிடைத்தாலும், அவர்களில் பலர் இந்தக் கறுப்புத் திரையைச் சந்திக்கிறார்கள். 2009 இல் மெனிக் பாம் முகாமில் மரத்தடியில் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர், கையடக்கத் தொலைபேசியிலேயே கணினியைக் கற்றவர், 1971 ஆம் ஆண்டின் திரைக்கு முன்னால் உட்கார வைக்கப்படுகிறார். வேலையில் தடுமாறுவதற்கு முன்பே இணைப்பில் தடுமாறுகிறார். விளக்கக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. சொல்லிக் கொடுப்பவர் சிங்களத்தில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். திரும்பக் கேட்கக் கூச்சம். அதனால்தான் இந்தக் குறிப்பு.

இந்தத் திரை ஏன் இன்னும் இருக்கிறது

மெயின்பிரேம் என்பது ஒரு நிறுவனத்தின் கணக்குகள் அனைத்தையும் ஓரிடத்தில் வைத்து நடத்தும் பெரிய கணினி. அதனோடு பேசுவதற்கு ஐ.பி.எம். நிறுவனம் 1971 இல் 3270 என்ற முனையத் தொகுதியை வெளியிட்டது. முனையம் என்பது சொந்தமாக எதையும் கணிக்காத திரையும் விசைப்பலகையும். இன்று அந்தப் பெட்டிகள் இல்லை. அவற்றின் இடத்தில் சாதாரணக் கணினியில் ஒரு மென்பொருள் ஓடுகிறது. மெயின்பிரேமைப் பொறுத்தவரை மறுமுனையில் இருப்பது பழைய 3270 தான்; நமது மடிக்கணினி அந்த வேடத்தைக் கட்டியிருக்கிறது. இதற்குத்தான் டெர்மினல் எமுலேட்டர் என்று பெயர்.

விமானத்துறை இன்னும் பழையது. அமெரிக்கன் எயர்லைன்ஸும் ஐ.பி.எம்மும் சேர்ந்து கட்டிய சேபர் முறை 1960களில் ஓடத் தொடங்கியது. எயார் பிரான்ஸ், ஐபீரியா, லுப்தான்சா, எஸ்.ஏ.எஸ். ஆகிய நான்கும் சேர்ந்து 1987 இல் அமெடியஸை உருவாக்கின. நம்மைப் போன்ற நாடுகளின் அலுவலகங்களில் அதிகம் புழங்குவது ஐ.பி.எம். 1988 இல் கொண்டு வந்த ஏ.எஸ்.400 என்ற நடுத்தரக் கணினி. இப்போது அதன் பெயர் ஐ.பி.எம். ஐ. ஆனால் அலுவலகங்களில் இன்னும் ஏ.எஸ்.400 என்றுதான் சொல்கிறார்கள்.

பழையது என்பதால் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கோபோல் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். அந்த மாநிலத்தின் கொடுப்பனவு முறை அவ்வளவு பழைய கணினியில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தத் திரைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் உடனுக்குடன் போவதில்லை. படிவத்தை முழுவதும் நிரப்பி 'அனுப்பு' விசையை அழுத்தும்போதுதான், மாற்றிய பகுதிகள் மட்டும் ஒரே தடவையில் போகின்றன. மெதுவான இணைப்பிலும் இது தாக்குப்பிடிக்கும். வேகமான இணைப்பு இல்லாத ஊரிலிருந்து வீட்டில் வேலை செய்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எந்த வேடம், எந்த வாசல்

மென்பொருளைத் திறந்து புதிய இணைப்பு ஒன்றை உருவாக்கும்போது முதலில் கேட்பது முனையத்தின் வகை. மெயின்பிரேம் என்றால் 3270. ஏ.எஸ்.400 என்றால் 5250. யுனிக்ஸ் வகைக் கணினி என்றால் வி.ரி.100 அல்லது அதன் பின்வந்தவை. இரண்டும் ஐ.பி.எம். தானே என்று 5250 கேட்கும் இடத்தில் 3270 கொடுத்தால் விசைகள் பிழையாக வேலை செய்யும், அல்லது இணைப்பே கிடைக்காது. அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

அடுத்தது முகவரியும் போர்ட் இலக்கமும். முகவரி ஒரு பெயராகவோ நான்கு இலக்கத் தொகுதிகளாகவோ இருக்கும். போர்ட் என்பது அந்த முகவரியில் உள்ள வாசல் இலக்கம். வழமையான வாசல் 23. பாதுகாப்பான வாசல் 992. சில அலுவலகங்கள் வேறு இலக்கம் வைத்திருக்கும்.

23 ஆம் வாசலால் போனால் உங்கள் கடவுச்சொல் மறைக்கப்படாமல் வலையமைப்பில் போகிறது. மெயின்பிரேமின் எழுத்துமுறை வேறானது என்பதால் யாரும் வாசிக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. அந்த எழுத்துமுறையை வாசிக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 992 இல் போகும்போது ரி.எல்.எஸ். என்ற பாதுகாப்புத் தெரிவையும் சேர்த்து இயக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்: இலக்கத்தை 992 என்று மாற்றுவார்கள், ரி.எல்.எஸ். தெரிவைத் தொடமாட்டார்கள். அப்போது திரை வெறுமையாக நின்றுகொண்டே இருக்கும். பிழைச் செய்தி கூட வராமல் போகலாம்.

ரி.எல்.எஸ். இயங்கும்போது, எதிர்ப்பக்கத்துச் சான்றிதழை நம்பலாமா என்று மென்பொருள் கேட்டால் 'ஆம்' என்று அழுத்திவிட்டுப் போகாதீர்கள். தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்ட பிறகு அழுத்துங்கள். வீட்டிலிருந்து இணைபவர்கள் முதலில் வி.பி.என். இணைப்பைத் திறக்க வேண்டும். அது இல்லாமல் மற்ற எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் பயனில்லை.

நீங்கள் யார் என்று மெயின்பிரேமுக்குச் சொல்லும் பெயர்

அமைப்புப் பக்கத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு பெட்டி உண்டு. 3270 இல் அது எல்.யு. பெயர், எட்டு எழுத்துக்குள் இருக்கும். 5250 இல் அது கருவிப் பெயர். பத்து எழுத்து வரை வரலாம். உங்கள் பாவனையாளர் பெயரும் கடவுச்சொல்லும் நீங்கள் யார் என்று சொல்கின்றன. இந்தப் பெட்டியில் உள்ள பெயர் நீங்கள் எந்தக் கதிரையில் இருந்து பேசுகிறீர்கள் என்று சொல்கிறது. இந்தப் பெயரைப் பார்த்துத்தான் எந்த அச்சியந்திரத்துக்குப் பற்றுச்சீட்டை அனுப்புவது, இந்தக் கருவியிலிருந்து காசுக் கொடுப்பனவை அனுமதிப்பதா இல்லையா என்பதைப் பல முறைகள் தீர்மானிக்கின்றன. பதிவு இல்லாமல் லொட்ஜில் தங்க முடியாதிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

விமானச் சீட்டு முகவர்களிடமும் இதே முறைதான். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டின் கீழ் உருவான முன்பதிவை வேறு நிலையத்தில் சாதாரணமாகத் திறக்க முடியாது. ஒரு கடையில் போட்ட இடத்தை அடுத்த கடையில் மாற்றித் தரமாட்டார்கள் என்பதற்கு, வியாபாரப் போட்டியை விட இதுவே பல தடவை காரணம்.

பிரச்சினை எங்கே வருகிறது? புதியவர் ஒருவர் வேலைக்குச் சேர்கிறார். பக்கத்து மேசைக்காரரின் இணைப்புக் கோப்பை அப்படியே பிரதி செய்து கொடுக்கிறார்கள். கோப்புக்குள் பக்கத்து மேசையின் கருவிப் பெயரும் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் விடுமுறையில் இருக்கும் வரை எல்லாம் ஓடும். அவர் திரும்பி வந்து காலையில் முதலில் இணைந்தால் புதியவருக்கு இணைப்புக் கிடைக்காது. புதியவர் முந்திக்கொண்டால் மற்றவருக்குக் கிடைக்காது. இன்னும் மோசமானது, இணைப்புக் கிடைத்து, நீங்கள் அச்சிட்டது வேறொரு மாடியில் உள்ள அச்சியந்திரத்தில் வெளிவருவது. வாடிக்கையாளரின் கணக்கு விபரம் அடங்கிய தாள் யாரும் எடுக்காமல் அங்கே கிடக்கும். பிறகு விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் புதியவர்தான்.

எனவே கோப்பைப் பிரதி செய்து தந்தால், திறந்து இந்தப் பெட்டியைப் பாருங்கள். உங்களுக்கென்று ஒரு பெயர் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஏ.எஸ்.400 இல் பெட்டியை வெறுமையாக விட்டால், முறைமை அனுமதித்திருந்தால், அதுவே ஒரு பெயரைத் தரும். உள்நுழையும் திரையின் வலது மேல் மூலையில் மூன்று வரிகள் இருக்கும். மூன்றாவது வரியில் இருப்பதுதான் உங்கள் கருவிப் பெயர். அதைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தால் உதவி கேட்கும்போது நேரம் மிச்சம்.

டொலர் பவுணாகும் இடம்

மெயின்பிரேம் எழுத்துகளைச் சேமிப்பது எப்சிடிக் என்ற முறையில். நமது கணினிகள் பாவிப்பது ஆஸ்கி வழிவந்த வேறு முறை. இரண்டுக்கும் இடையில் மொழிபெயர்க்கும் அட்டவணைக்குக் குறிப்பக்கம் என்று சொல்லலாம். அதற்கு ஓர் இலக்கம் உண்டு. அமெரிக்காவுக்கு 037. பிரித்தானியாவுக்கு 285. சர்வதேசப் பாவனைக்கு 500. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் இந்த மூன்றிலும் ஒன்றுதான். குறிகள் மட்டும் இடம் மாறுகின்றன. அதனால் பிழையான பக்கத்தைத் தெரிந்திருந்தாலும் நாட்கணக்கில் யாருக்கும் தெரியாமல் வேலை நடக்கும்.

உதாரணம் பாருங்கள். 91 என்ற குறியீட்டு எண் 037 இல் டொலர் குறி. அதே எண் 285 இல் பவுண் குறி. ரொறன்ரோவுக்கோ நியூயோர்க்குக்கோ வேலை செய்யும் அலுவலகத்தில், முன்பு லண்டன் வேலைக்காகப் பாவித்த கணினியைப் புதியவருக்குக் கொடுத்தால், அவரது திரையில் டொலர்கள் எல்லாம் பவுணாகத் தெரியும். தொகை மாறாது, குறி மட்டும் மாறும். அதைப் பார்த்து யாருக்காவது மின்னஞ்சல் எழுதினால் நிலைமை என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று நேரடியாக வாசலிலேயே நிறுத்துவது. ஆச்சரியக்குறி 500 இல் 79 ஆம் இடத்தில் இருக்கிறது. 037 இல் அந்த இடத்தில் இருப்பது நேர்கோடு. உங்கள் கடவுச்சொல்லின் கடைசியில் ஆச்சரியக்குறி இருந்து, மென்பொருளில் 500, அந்தப் பக்கத்தில் 037 என்றால், நீங்கள் சரியாகத் தட்டியும் கடவுச்சொல் பிழை என்றே வரும். மூன்று தடவை முயன்றால் கணக்கைப் பூட்டும் இடங்கள் உண்டு. கடவுச்சொல் திரையில் தெரியாததால் காரணத்தைக் கண்ணால் காண முடியாது. பாவனையாளர் பெயருக்கான பெட்டியில் அந்தக் குறியைத் தட்டிப் பார்ப்பதாலும் பயனில்லை. உங்கள் பக்கத்து மென்பொருள் அதைச் சரியாகவே காட்டும். வேறொரு கணினியிலிருந்து அதே கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே வழி. வேலை செய்தால் குறிப்பக்கத்தைச் சந்தேகியுங்கள்.

திரையளவு பற்றி அதிகம் சொல்ல இல்லை. வழமையானது 24 வரி, வரிக்கு 80 எழுத்து. அகலமானது 27 வரி, 132 எழுத்து. நீண்ட அறிக்கைகளைப் பார்ப்பவர்களுக்கு அகலமானது தேவை. எது என்று தெரியாவிட்டால் 24க்கு 80 போதும்.

விசைப்பலகை அப்படியல்ல. சில மென்பொருள்களில் எண்டர் விசையை அழுத்தினால் அடுத்த வரிக்கு மட்டும் போகும். உண்மையான 'அனுப்பு' வலப்பக்கக் கன்ட்ரோல் விசையில் இருக்கும். பூட்டிய விசைப்பலகையை விடுவிக்கும் 'ரீசெட்' இடப்பக்கக் கன்ட்ரோலில் இருக்கும். முதல் நாள் 'கணினி உறைந்துவிட்டது' என்று கூப்பிடுபவர்களில் கணிசமானோருக்குத் தேவைப்படுவது அந்த ஒரு விசைதான். பழைய முனையங்களில் 24 செயல் விசைகள் இருந்தன. இப்போது 13 முதல் 24 வரை வேண்டுமென்றால் ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

இணையாவிட்டால் எங்கே பார்ப்பது

திரையின் அடியில் ஒரு நிலை வரி உண்டு. பழக்கம் இல்லாதவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. ஐ.பி.எம். பெர்சனல் கொம்யூனிக்கேஷன்ஸ் மென்பொருளில் அங்கே 'கொம்' என்ற ஆங்கிலச் சொல்லோடு ஓர் இலக்கம் வரும். 657 என்று நின்றால் இன்னும் வாசலைத் தட்டிக்கொண்டு இருக்கிறது: முகவரி, போர்ட், வி.பி.என். ஆகியவற்றைப் பாருங்கள். 655 என்று நின்றால் வாசல் திறந்துவிட்டது, பேச்சு ஒத்துவரவில்லை: ரி.எல்.எஸ். தெரிவைப் பாருங்கள். 654 என்றால் எல்.யு. பெயர் ஏற்கப்படவில்லை. ஏ.எஸ்.400 இல் 8902 என்றால் அந்தக் கருவிப் பெயர் இப்போது கிடைக்காது. பெரும்பாலும் வேறொருவர் அதில் இருக்கிறார். 8940 என்றால் தானாகப் பெயர் உருவாக்க அனுமதியில்லை, உங்களுக்கென்று ஒரு பெயரைக் கேட்டு வாங்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் இணைப்பு அறுந்திருக்கிறதா? பேசாமல் கிடக்கும் இணைப்பை நடுவில் உள்ள தீச்சுவர் துண்டித்திருக்கலாம். இணைப்பை உயிரோடு வைத்திருக்கும் தெரிவு மென்பொருளில் உண்டு. ஆனால் அலுவலகம் வேண்டுமென்றே துண்டிக்கிறதா என்று கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

அமைப்பால் தீராத ஒன்று: பெயர்கள்

மெயின்பிரேமின் பெட்டிகள் அளவு மாறாதவை. பெயருக்கு 25 எழுத்து என்று நாற்பது வருடத்துக்கு முன் யாரோ தீர்மானித்திருந்தால் இன்றும் 25 தான். சிவசுப்பிரமணியம் பாலகிருஷ்ணன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் இடைவெளியோடு 28 எழுத்து வரும். 25 எழுத்துப் பெட்டியில் அவர் 'பாலகிருஷ்' ஆகிவிடுவார். உங்கள் பக்கத்து மென்பொருளில் எந்த அமைப்பை மாற்றினாலும் பெட்டி நீளாது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, பெட்டி நிரம்பியதும் கர்சர் தானாக அடுத்த பெட்டிக்குத் தாவும்படி பல படிவங்கள் செய்யப்பட்டிருக்கின்றன. திரையைப் பார்க்காமல் வேகமாகத் தட்டுபவருக்கு மிச்ச மூன்று எழுத்தும் அடுத்த பெட்டியில் போய் விழும். அது தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்கான பெட்டியாக இருக்கலாம். அங்கே இலக்கம் மட்டும் என்று விதித்திருந்தால் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும், அது நல்லது. ஆனால் நமது பழைய அடையாள அட்டை ஒன்பது இலக்கத்தோடு ஓர் ஆங்கில எழுத்தில் முடிவதால், அந்தப் பெட்டி எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும். பிழை சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

கடவுச்சீட்டும் இதிலிருந்து தப்பவில்லை. அதன் கீழே இயந்திரம் வாசிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம்தான். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்ற நமது வழக்கமும், குடும்பப் பெயர், முதற்பெயர் என்று பிரிக்கும் அவர்களது படிவமும் ஒத்துப்போவதில்லை. விமானச் சீட்டில் குடும்பப் பெயர் முதலில், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு மற்றப் பெயர். மாறிப் போட்டால் விமான நிலையத்தில் நிற்பது நீங்கள்.

யுத்தத்தில் பிறப்புச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் எரிந்து, பிரதி எடுக்க அலைந்த குடும்பங்களுக்கு ஒரு எழுத்தின் பெறுமதி தெரியும். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாகச் சுருக்கப்பட்ட பெயர், பின்னொரு நாளில் இவர்கள் இருவரும் ஒருவர்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வைக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நமது பிள்ளைகளால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அடையாள அட்டையில் உள்ள வரிசையில் தட்டுவது, பெட்டி போதாவிட்டால் எப்படிச் சுருக்கினோம் என்பதைக் குறிப்புப் பெட்டியில் எழுதுவது, அனுப்பு விசைக்கு முன் அடுத்த பெட்டியையும் ஒரு தடவை பார்ப்பது. வாடிக்கையாளர்களும் முறைமையில் என்ன பெயர் விழுந்திருக்கிறது என்று அச்சிட்டுக் காட்டும்படி கேட்கலாம். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

வேலை கிடைக்கும் முன் பழகுவதற்கு

இதைப் பழக அலுவலகம் தேவையில்லை. பப்400 என்ற பெயரில் ஜேர்மனியிலிருந்து ஒரு ஏ.எஸ்.400 கணினி பொதுமக்களின் பயிற்சிக்காக இலவசமாகத் திறந்து விடப்பட்டிருக்கிறது. அவர்களது இணையத்தளத்தில் பதிவு செய்தால் பாவனையாளர் பெயர் தருவார்கள். 23, 992 இரண்டு வாசலாலும் போகலாம். 992 இல் போய்ப் பழகுங்கள். மடிக்கணினி இல்லாதவர்களுக்கு அன்ட்ரொயிட் தொலைபேசியில் மோக்கா ரி.என்.5250 என்ற செயலி உண்டு.

3270 பழக விரும்புபவர்கள் எக்ஸ்3270 என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். அதன் வின்டோஸ் வடிவமும் உண்டு. அதில் எல்.யு. பெயர், '@' குறி, முகவரி, ':' குறி, போர்ட் இலக்கம் என்று ஒரே வரியில் எழுதினால் போதும். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு மெயின்பிரேம் வேண்டுமே என்றால், ஹெர்குலிஸ் என்ற மென்பொருள் உங்கள் மடிக்கணினியிலேயே ஒன்றை உருவாக்கித் தரும். அதில் ஓடக்கூடிய ஐ.பி.எம்மின் பழைய எம்.வி.எஸ். 3.8 இயங்குதளத்தை டி.கே.4 என்ற தொகுப்பாகத் தயார் நிலையில் தருகிறார்கள். அப்போது முகவரி 127.0.0.1, போர்ட் 3270. புதிய கணினி எதுவும் தேவையில்லை. யூனிட்டி பிளாசாவில் வாங்கிய பாவித்த மடிக்கணினி இதற்குத் தாராளம்.

பழகும்போதே, முடித்ததும் யன்னலை மூடிவிட்டு எழும்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஏ.எஸ்.400 இல் 'சைன்ஓப்' என்ற கட்டளை, மெயின்பிரேமில் 'லொக்ஓப்'. அதைத் தட்டி வெளியேறாமல் யன்னலை மூடினால், சில முறைகளில் உங்கள் வேலை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், கருவிப் பெயரும் விடுபடாது. அடுத்த நாள் காலை 8902 என்று வந்து நிற்கும்போது, அந்தப் பெயரைப் பிடித்து வைத்திருப்பவர் நேற்றைய நீங்கள்தான்.